இறந்தவர் எழுதாத ஏடு

ஒருவர் தம் வாழ்க்கைச் சரிதத்தை எழுதப் புகும்போது, தம்மோடு வாழ்ந்தோரின் சரிதத்தையும் உடன் எழுதிவிடுகிறார். அவர்களுள் உயிரோடிருப்போர் மறுப்புரை எழுதலாம்; தாமும் ஓர் ஏடு எழுதிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். இறந்தோருக்கு இவ்வழிகள் யாவும் அடைபட்டுவிடுகின்றன. பிறர் எழுதியதே அவர்தம் வாழ்வாகி நிலைத்துவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில இசையுலகிற் பெரும் புகழ் ஈட்டிய றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரான பிறையன் ஜோன்ஸ் என்பாரின் கதை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

அக்குழுவின் கிற்றார்க் கலைஞரான கீத் றிச்சாட்ஸ், 2010ஆம் ஆண்டில், வாழ்க்கை என்று பொருள்படும் பெயரோடு தம் சரிதத்தை வெளியிட்டார். ஜேம்ஸ் ஃபொக்ஸ் என்னும் பத்திரிகையாளர் அதனை எழுதுவதில் அவருக்குத் துணைநின்றார். அந்நூலில் பிறையன் ஜோன்ஸ் தற்பெருமை மிக்கவராகவும், பிறரை வருத்துபவராகவும், காலப்போக்கிற் குழுவிற்குச் சுமையாகிப் போனவராகவும் காட்சியளிக்கிறார். நூல் வெளிவந்தபோது பிறையன் இறந்து நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. இரசிகர்களிடையே விவாதம் மூண்டது. குழுவைத் தோற்றுவித்தவரைக் குழுவினரே இழிவுபடுத்துவதா என்று ஒரு சாரார் சினந்தனர். உடனிருந்து அனுபவித்தவர் சொல்வதை மறுக்க நாம் யார் என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று அம்மனிதரின் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்ற்றன்ஹாம் சிறுவன்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள செல்ற்றன்ஹாம், ஒழுங்கும் மரியாதையும் பேணும் அமைதியான பட்டினம். அங்கே 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி பிறையன் பிறந்தார். தந்தையார் விமானத்துறையிற் பணிபுரிந்த பொறியியலாளர். தேவாலயத்தில் ஓகன் வாசிப்பவர். தாயார் பியானோ கற்பிப்பவர். வேல்ஸ் நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட அக்குடும்பத்தில் இசை அன்றாட வாழ்வோடு கலந்திருந்தது. ஆஸ்துமா நோயினால் வருந்திய அச்சிறுவன் பாடசாலையிற் படிப்பிற் சிறந்து விளங்கினான்; கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடப்பதில் மட்டும் அவனுக்கு விருப்பமிருக்கவில்லை. முதலிற் பியானோவும் பின்னர் கிளாரினற்றும் பயின்றான். சார்ளி பாக்கரின் ஜாஸ் இசைத்தட்டுக்களைக் கேட்டபின் சக்ஸஃபோனை விரும்பினான். பதினேழாம் பிறந்தநாளில் ஒரு கிற்றார் அவன் கைக்கு வந்தது.

பிற்காலத்தில் அவர் புகழையும் பெயரையும் ஒருங்கே நிழல்போலத் தொடர்ந்த குறையும் அதே வயதிற்றான் தலைகாட்டியது. பாடசாலை மாணவி ஒருத்தி அவரால் தாய்மையுற்றாள். ஊர் தூற்றியது. பிறையன் பாடசாலையையும் வீட்டையும் விட்டு வெளியேறினார். இருபது வயது நிரம்புமுன்னரே வெவ்வேறு பெண்கள் வயிற்றில் அவருக்குக் குழந்தைகள் பிறந்தன. எக்குழந்தைக்கும் அவர் தந்தையின் கடமையைச் செய்யவில்லை. இதனை மறைத்து அவர் புகழைப் பாடுவோர் அவருக்கு நன்மை செய்வோராகார். மெய்யை மறைத்துக் கட்டிய புகழ் மெய் வெளிப்படும் நாளிற் சரிந்துவிடும்.

குழு பிறந்த கதை

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் தம் துயரையும் வேட்கையையும் பாடிய புளூஸ் இசை, 1960ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஒரு சிலராலேயே அறியப்பட்டிருந்தது. அச்சிலருக்கு வழிகாட்டியாயிருந்தவர் அலெக்சிஸ் கோணர். அவர் செல்ற்றன்ஹாமில் வாசித்தபோது பிறையன் அவரைச் சந்தித்து நட்புக்கொண்டார். கோணரும் நண்பர்களும் 1962ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு புளூஸ் அரங்கைத் தொடங்கினர். அடுத்த மாதத்தில் அங்கே சென்ற மிக் ஜாகர், கீத் றிச்சாட்ஸ் என்னும் இளைஞர் இருவர், எல்மோ லூயிஸ் என்ற புனைபெயருடன் மேடையிலிருந்த ஒருவர் எல்மோர் ஜேம்ஸின் பாட்டொன்றை வாசிக்கக் கேட்டு வியந்து நின்றனர். அந்த எல்மோ லூயிஸ், பிறையன் ஜோன்ஸே.

அவர் அன்று வாசித்தது சிலைட் என்னும் வகையைச் சேர்ந்தது. விரலிலே உலோகக் குழாயோ கண்ணாடிக் குழாயோ மாட்டி, அதனைத் தந்திகள்மேல் வழுக்கிச் செல்லவிட்டு வாசிப்பது அது. நமது கோட்டுவாத்தியத்திற் கட்டையைத் தந்திமேல் ஓடவிட்டு வாசிப்பதைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். சுரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் இழைந்து செல்லும். தந்தி மனிதக் குரல்போல அழும். அக்காலத்து இங்கிலாந்தில் இக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே.

1962ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாஸ் நியூஸ் என்னும் இதழில், புதிய குழுவொன்றில் இணைய விரும்புவோரை அழைத்துப் பிறையன் ஓர் அறிவித்தல் வெளியிட்டார். முதலில் வந்து சேர்ந்தவர் பியானோக் கலைஞர் இயன் ஸ்ருவாட். பின்னர் ஜாகரும் றிச்சாட்ஸும் சேர்ந்தனர். குழுவிற்குப் பெயர் கேட்டபோது, அருகிற் கிடந்த மடி வோட்டர்ஸின் இசைத்தட்டிலே கண்ட ஒரு பாட்டின் பெயரையே பிறையன் சூட்டினார் என்பர். அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி இலண்டன் மார்க்கீ அரங்கில் அப்பெயருடன் குழு முதன்முதலாக மேடையேறியது. திசெம்பரில் பில் வைமனும் 1963 ஜனவரியிற் சார்ளி வாற்ஸும் வந்து சேர்ந்தனர்.

அந்தக் குளிர்காலம் ஆங்கிலேயர் நெடுங்காலம் நினைவுகூர்ந்த கொடிய குளிர்காலம். செல்சியாப் பகுதியின் ஈடித் குறோவ் வீதியில், அழுக்கடைந்த இரண்டாம் தரக் குடியிருப்பொன்றிற் பிறையனும் ஜாகரும் றிச்சாட்ஸும் ஒன்றாக வாழ்ந்தனர். கையிற் காசில்லை, உணவும் போதாது. ஜிம்மி றீட்டின் இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பிறையனும் றிச்சாட்ஸும் நாள் முழுவதும் கிற்றார் பயின்றனர். ஒருவர் தாளத்தையும் மற்றவர் சுரத்தையும் பிடிப்பது என்ற வழக்கமான பிரிவினையை விடுத்து, இரண்டு கிற்றார்களும் ஒன்றையொன்று ஊடறுத்துப் பாய்விரிக்கும் இழைகள்போல வாசிக்கப் பழகினர். குழுவின் தனித்தன்மையாகப் பிற்காலத்தார் போற்றும் இந்தப் பின்னல் முறை அவ்வறையிலேயே உருவாயிற்று. பிறையனைக் கடிந்தெழுதிய றிச்சாட்ஸின் நூலே இதனை மறைக்காமற் சொல்கிறது. மவுத் ஓகனைச் சில நாட்களுக்குள் அவர் கற்றுத் தேர்ந்த விரைவையும் அந்நூல் வியந்து குறிப்பிடுகிறது. பகைமையின் நடுவே வரும் இத்தகைய ஒப்புதல்கள் விலைமதிப்புடையவை.

பாட்டாக்கியோர் உரிமை

1963ஆம் ஆண்டில் அன்ட்றூ லூக் ஓல்ட்ஹாம் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் குழுவின் முகாமையாளரானார். விளம்பரத்தின் வலிமையை அறிந்தவர் அவர். அவருடைய விருப்பப்படி இயன் ஸ்ருவாட் குழுவின் முன்னணியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னணியிற் பணிபுரியும் நிலைக்கு இறக்கப்பட்டார். தாம் அழைத்து வந்த முதற்றோழர் இவ்வாறு தள்ளப்பட்டபோது பிறையன் தடுத்து நிற்கவில்லை. தலைவர் என்ற முறையிற் பிறரைவிட வாரத்துக்கு ஐந்து பவுண் கூடுதலாக அவர் பெற்றுவந்த செய்தியும் பின்னர் வெளிப்பட்டது. ஒரே பாயிற் படுத்துப் பசியைப் பங்கிட்ட தோழர்களிடம் அந்த ஐந்து பவுண் தோற்றுவித்த கசப்பு, தொகைக்குப் பல மடங்கு பெரிதாயிற்று. தோழமை உடைவதற்குப் பெருங்காரணம் எப்போதும் வேண்டுவதில்லை.

1964ஆம் ஆண்டு இறுதியில், வில்லி டிக்சன் ஆக்கி ஹவுலின் வுல்வ் பாடிய 'லிற்றில் றெட் றூஸ்ரர்' என்னும் புளூஸ் பாட்டை இவர்கள் வெளியிட்டனர். பிறையனின் சிலைட் வாசிப்பே அவ்விசைத்தட்டின் உயிர். அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற் குழுவினர் தோன்றியபோது ஹவுலின் வுல்வும் உடன் தோன்றினார். தம் நாட்டு வெள்ளையர் பெரும்பாலோர் அறியாதிருந்த அக்கறுப்பினக் கலைஞரை, அந்நாட்டார்க்கு முன்னிலையிலே ஆர்வத்தோடு புகழ்ந்துரைத்தோருட் பிறையனும் ஒருவர். ஏனைய இளைஞர் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். பிறையன் விரும்பிய குழு அத்தகையதே: புளூஸ் இசையின் தூதுவராய் இயங்கும் ஒரு குழு.

ஆனால் ஓல்ட்ஹாமின் கணக்கு வேறு. பிறர் ஆக்கிய பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்தாற் குழு நெடுங்காலம் நிலைக்காது என்று அவர் கண்டார். ஜாகரையும் றிச்சாட்ஸையும் புதிதாகப் பாட்டாக்குமாறு தூண்டினார். 1965ஆம் ஆண்டில் 'சற்றிஸ்ஃபக்ஷன்' என்னும் பாட்டு உலகெங்கும் ஒலித்தபோது குழுவின் அதிகாரம் யார் கையிலுள்ளது என்பது தெளிவாயிற்று. 1966 ஏப்ரலில் வெளிவந்த 'ஆஃப்ரர்மத்' தொகுதியின் பாட்டுக்கள் யாவும் அவ்விருவர் பெயரிலேயே அமைந்தன.

இவ்விடத்தில் ஒன்றை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். இசைத்தட்டுத் தொழிலிற் பாட்டின் ஆக்கியோர் என்று பதிவாகுபவர் சொல்லையும் அடிப்படை மெட்டையும் தந்தவரே. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொருவர் ஒரு வாத்தியத்தை எடுத்து, அப்பாட்டின் முகத்தையே மாற்றும் ஓர் இசைவரியைச் சேர்த்தாலும், அவர் வாத்தியக்காரராகவே கருதப்படுவார். ஆக்கியோர்க்குரிய ஊதியமும் உரிமையும் அவரைச் சேர்வதில்லை. பிறையனின் பங்களிப்பு இந்த எல்லைக்கோட்டின் மறுபுறத்திலேயே நின்றுவிட்டது. 'அண்டர் மை தம்' பாட்டை நினைத்தவுடன் நினைவில் எழுவது அவருடைய மரிம்பா ஓசை. 'லேடி ஜேன்' பாட்டிற்குப் பழைய அரண்மனையின் மணத்தைத் தந்தது அவர் வாசித்த டல்சிமர். 'பெயின்ற் இற் பிளக்' பாட்டை நடத்துவது அவருடைய சித்தார். 1967இல் வெளிவந்த 'றூபி ரியூஸ்டே'யில் மிதந்து வருவது அவர் ஊதிய றெக்கோடர்க் குழல். இவற்றுள் ஒன்றிலேனும் ஆக்கியோராக அவர் பெயர் இல்லை.

இதனை வஞ்சனை என்பர் அவருடைய இரசிகர். முழுமையாக அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஒரு பாட்டைத் தொடக்கமுதல் இறுதிவரை ஆக்கி முடித்துத் தோழர்முன் வைக்கும் துணிவு பிறையனிடத்து இருந்ததாகத் தெரியவில்லை. கையிற் கிடைத்த வாத்தியம் எதனையும் அரைநாளிற் பேசவைக்க வல்லவர், தம் உள்ளத்தை மட்டும் பாட்டாகப் பேசவைக்க இயலாதவராயிருந்தார். எனினும், சட்டம் ஏற்காத படைப்பும் படைப்பே. கட்டடத்தின் வரைபடத்தை ஒருவர் தர, வாயிற் சிற்பத்தை மற்றொருவர் செதுக்கினால், பார்ப்போர் நெஞ்சில் நிற்பது பெரும்பாலும் சிற்பமே. ஆயினும் கல்வெட்டிற் சிற்பியின் பெயர் இடம்பெறுவதில்லை.

வீழ்ச்சி

1965ஆம் ஆண்டில் மியூனிக் நகரிற் பிறையன் சந்தித்த அனிற்றா பலன்பேர்க் என்னும் நடிகை அவருடைய வாழ்க்கைத் துணையானார். பிறையன் அவரை அடித்துத் துன்புறுத்தியதை உடனிருந்தோர் பலர் சொல்லியுள்ளனர். 1967 மார்ச்சில் மொறொக்கோ நாட்டுக்கு அவர்கள் மேற்கொண்ட பயணத்தின்போது அனிற்றா றிச்சாட்ஸிடம் சென்றுவிட்டார். பிறையன் தனியே விடப்பட்டார். றிச்சாட்ஸின் சரிதத்தைப் படிப்போர் இந்நிகழ்ச்சியை மறவாதிருத்தல் வேண்டும். அந்நூலிற் பிறையனைக் குற்றஞ்சாட்டுபவர், அவருடைய துணைவியைத் தமதாக்கிக்கொண்டவர். அதனால் அவர் கூற்றுப் பொய்யாகிவிடாது. அனிற்றா பட்ட அடிகளும் இல்லையென்றாகிவிடா. வழக்கொன்றிலே தாமும் சம்பந்தப்பட்டவர் கூறும் சாட்சியத்தைக் கேட்பதுபோல, கவனத்தோடு கேட்கவேண்டும் என்பதே இதன் கருத்து.

அதே ஆண்டு மே 10ஆம் திகதி, ஜாகரும் றிச்சாட்ஸும் போதைப்பொருள் வழக்கொன்றில் நீதிமன்றத்தில் நின்ற நாளிலேயே, பொலிஸார் பிறையனின் இலண்டன் இல்லத்தைச் சோதனையிட்டு அவரைக் கைதுசெய்தனர். ஒக்ரோபரில் விதிக்கப்பட்ட ஒன்பது மாதச் சிறைத்தண்டனை, திசெம்பரில் மேன்முறையீட்டின்பின் ஆயிரம் பவுண் அபராதமாகவும் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பாகவும் மாற்றப்பட்டது. 1968இல் மீண்டும் கைதானார். மீண்டும் குற்றவாளியெனக் காணப்பட்டு அபராதம் செலுத்தினார். தோழர் இருவரும் தமக்கு நேர்ந்த இடரிலிருந்து உறுதிபெற்று மீண்டனர். பிறையன் மீளவில்லை. மதுவும் மாத்திரைகளும் அவர் உடலையும் ஊக்கத்தையும் அரித்தன. ஒலிப்பதிவுக்கு வாராத நாட்கள் பெருகின; வந்த நாட்களிலும் வாசிக்க இயலாத நிலை நேர்ந்தது. குழுவின் சுமையை ஏனையோர் தாங்கவேண்டியிருந்தது என்ற றிச்சாட்ஸின் குறை இந்த அளவில் நியாயமானதே.

ஆயினும் அவியும் விளக்கு சிலவேளை சுடர்ந்தது. 1967இல் வொல்கர் ஷ்லோன்டோர்ஃப் இயக்கிய ஜேர்மன் திரைப்படமொன்றுக்கு அவர் தனித்து இசையமைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திற் கலிஃபோர்னியாவின் மொன்ரறே விழாவில், அமெரிக்க மக்கள் இன்னும் அறியாதிருந்த ஜிமி ஹென்றிக்ஸை மேடையில் அறிமுகம் செய்துவைத்தார். பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டொன்றுக்குச் சக்ஸஃபோன் வாசித்தார். 1968இல் மொறொக்கோ நாட்டு மலைக்கிராமமான ஜஜூக்காவுக்குச் சென்று, அங்கே வழிவழியாக வந்த குழலிசைக் கலைஞரின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். மேலைநாட்டு இளைஞர் உலக மக்களின் இசைமீது கவனம் செலுத்தத் தொடங்குமுன் செய்த முயற்சி அது. அவர் இறந்தபின் 1971இலேயே அப்பதிவு வெளிவந்தது. 1968இன் 'பெகர்ஸ் பாங்குவெற்' தொகுதியிலுள்ள 'நோ எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' என்னும் பாட்டில் அவர் வாசித்த சிலைட், ஈலிங் அரங்கில் ஒலித்த அதே குரலின் இறுதி விடைபெறல்போல அமைந்துள்ளது.

1969 ஜூன் 8ஆம் திகதி ஜாகரும் றிச்சாட்ஸும் சார்ளி வாற்ஸும் பிறையனின் இல்லத்துக்குச் சென்று, குழுவில் இனி அவருக்கு இடமில்லை என்பதைத் தெரிவித்தனர். அவ்வில்லம் சசெக்ஸ் மாகாணத்திலுள்ள கொச்ஃபோட் பண்ணை. சிறுவர் இலக்கியத்தாற் புகழ்பெற்ற ஏ. ஏ. மில்ன் முன்னர் வாழ்ந்த மனை அது. ஒரு மாதம் செல்லுமுன், ஜூலை 2ஆம் திகதி இரவு, அவ்வில்லத்தின் நீச்சற்குளத்திற் பிறையன் மூழ்கிக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டார். வயது இருபத்தேழு. விபத்தினால் நேர்ந்த மரணம் என்று மரண விசாரணையிற் தீர்ப்பாயிற்று. கொலையென்னும் ஐயம் பல நூல்களையும் ஒரு திரைப்படத்தையும் தோற்றுவித்தது. சசெக்ஸ் பொலிஸார் ஆவணங்களை மீண்டும் பரிசீலித்து, முதல் தீர்ப்பை மாற்றுதற்குரிய புதிய சான்று இல்லையென 2010இல் அறிவித்தனர்.

ஏடும் இரசிகரும்

இறந்து சில நாட்களுக்குள்ளேயே அவரைப் பற்றிய படிமத்தைப் பிறர் அமைக்கத் தொடங்கிவிட்டனர். ஜூலை 5ஆம் திகதி இலண்டன் ஹைட் பூங்காவில் இலட்சக்கணக்கான மக்கள் கூடிய இலவசக் கச்சேரியில், மிக் ஜாகர் ஷெல்லியின் 'அடோனேயிஸ்' என்னும் இரங்கற் காவியத்தின் பகுதியைப் படித்தார். வெண்ணிற வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கிற் பறக்கவிடப்பட்டன. இலக்கியம் பயின்றோர் இங்கே ஒன்றை நினைவுகூர்வர். 1821இல் இருபத்தைந்து வயதில் மாண்ட கவிஞர் கீற்ஸுக்காக ஷெல்லி பாடியது அக்காவியம். விமர்சகரின் கொடுஞ்சொல் கீற்ஸின் மரணத்தை விரைவுபடுத்தியது என்று நம்பிய ஷெல்லி, அவரை வாடிய மலராகச் சித்திரித்தார். கீற்ஸ் இறந்தது காசநோயினால். விமர்சனத்தைத் தாங்கும் நெஞ்சுறுதியும் அவருக்கிருந்தது. எனினும் அன்பு மிகுந்த நண்பர் வரைந்த அவ்வோவியம் உண்மைக் கீற்ஸை நெடுங்காலம் மறைத்து நின்றது. வாழ்வோர் இறந்தோரைத் தம் தேவைக்கேற்ப வரைவர்; அன்பினால் வரையினும் வெறுப்பினால் வரையினும் அது ஓவியமே.

பிறையனுக்கு ஓவியங்கள் பல அமைந்தன. 1990இற் பில் வைமன் தம் சரிதத்தை வெளியிட்டார். நாட்குறிப்பும் பத்திரங்களும் பேணிக் காத்தவர் அவர். குழுவை அமைத்தவர், உறுப்பினரைத் தெரிந்தவர், பெயரிட்டவர், இசையின் போக்கை வகுத்தவர், தொடக்க காலத்தில் மேடை தேடித் தந்தவர் யாவும் பிறையனே என்று அவர் வலியுறுத்தினார். 2014இற் போல் றிங்கா என்னும் ஆய்வாளர், கிற்றாரின் தந்திகளைத் திறந்த சுருதியில் அமைக்கும் முறையைக் குழுவிற் கையாண்ட முன்னோடி பிறையனே என்று வாதிட்டார். றிச்சாட்ஸின் புகழ்பெற்ற வாசிப்புக்கு அடிப்படை அம்முறையே ஆகையால், இரசிகரின் விவாதம் மேலும் சூடேறியது. 2023இல் நிக் புறூம்ஃபீல்ட் ஆக்கிய விவரணப்படமும் இதே வழக்கை மீண்டும் எடுத்தது.

வைமனின் ஏட்டையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. 1968இன் புகழ்பெற்ற பாட்டொன்றின் முதன்மையான இசைவரி தம்முடையதாயிருந்தும் தமக்கு ஆக்கியோர் உரிமை கிட்டவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கும் உண்டு. பிறையனுக்காக அவர் வாதிடுகையிற் தமக்காகவும் வாதிடுகிறார். றிச்சாட்ஸின் நூலோ பிறையனோடு நிற்கவில்லை. உயிரோடிருந்த ஜாகரையும் அது கடிந்துரைத்தது. ஆனால் ஜாகருக்கு மேடையிருந்தது; ஊடகமிருந்தது; அரைநூற்றாண்டுப் புகழிருந்தது. அக்கடுஞ்சொல்லின்பின்னும் இருவரும் ஒரே மேடையில் நின்று உலகை வலம்வந்தனர். பிறையனுக்கு அந்நூலே பலருக்கு முதல் அறிமுகமாயிற்று. பழி ஒன்றாயினும், சுமப்போருக்கேற்ப அதன் கனம் வேறுபடுகின்றது.

இரசிகரின் விவாதத்தில் இரு தவறுகள் மலிந்துள்ளன. பிறையனின் அன்பர் அவருடைய கலையைக் காக்கும் பொருட்டு அவருடைய கொடுமைகளை மறுக்கின்றனர். அவரால் வருந்திய பெண்களையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் மறந்துவிடுகின்றனர். றிச்சாட்ஸின் அன்பர் அவருடைய நடத்தையைக் காட்டி அவருடைய கலையைச் சுருக்குகின்றனர். தீயவர் ஆதலாற் குழுவிற்கு அவர் செய்தது சிறிதே என்று முடிவுகட்டுகின்றனர். ஒரு தராசின் தட்டில் வைக்கவேண்டியதை மற்றொரு தராசில் நிறுத்தலே இருசாராரின் பிழையும். மனிதர் என்ற முறையிற் பிறையனுக்கு எதிராக எழும் சாட்சியம் வலியது. பல வாயிலிருந்து வருவது. கலைஞர் என்ற முறையில் அவருக்குச் சாதகமான சாட்சியமும் வலியது. அது எவர் வாயிலிருந்தும் வரவேண்டியதில்லை.

இசைத்தட்டின் சாட்சி

எழுதும் ஏடு எழுதுவோரின் வயதையும் காயத்தையும் சுமந்து வருகின்றது. அறுபது வயதைக் கடந்தவர் இருபது வயது நண்பரைப் பற்றி எழுதும்போது, இடையே நிகழ்ந்த அனைத்தும் பேனாவினுட் புகுந்துவிடும். இசைத்தட்டு அவ்வாறன்று. 1964இல் ஒலித்த சிலைட் 1964இல் ஒலித்தவாறே இன்றும் ஒலிக்கின்றது. ஐந்து பவுண் கசப்பும், மொறொக்கோப் பயணமும், நீச்சற்குளத்து இரவும் அவ்வொலியை அறியா. ஆக்கியோர் பெயர்ப் பட்டியல் ஒதுக்கிய மரிம்பாவும் சித்தாரும் குழலும் கேட்போர் செவியிற் தாமே தம்மை அறிவித்துக்கொள்கின்றன.

பிறையனின் உடல் 1969 ஜூலை 10ஆம் திகதி அவர் விட்டகன்ற செல்ற்றன்ஹாமிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தோழருள் வைமனும் வாற்ஸும் வந்திருந்தனர். ஜாகர் அப்போது திரைப்படமொன்றில் நடிப்பதற்காக அவுஸ்திரேலியாவில் இருந்தார், றிச்சாட்ஸும் வரவில்லை. முன்னணியிலிருந்து தள்ளப்பட்டபோது பிறையன் தடுத்து நிற்காத இயன் ஸ்ருவாட், வழியனுப்ப வந்து நின்றார். பதினாறு ஆண்டுகளின்பின் இறக்கும்வரை அவர் அக்குழுவினுக்கே உழைத்தார். தம் சரிதத்தை எழுதிவைக்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புக் கூறுவோர், பேசியோரின் சொற்களோடு இவ்வாறு பேசாதிருந்தோரின் செயல்களையும் எண்ணிப்பார்த்தல் நன்று.